குடல் அழற்சி நோயில் தணிக்கும் செல்கள் ஏன் தவறுகின்றன?

1993 அக்டோபரில் ஓர் உயிரியல் ஆய்விதழின் ஒரே இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாயின. மூன்றும் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றியவை. நீக்கப்பட்ட மரபணுக்கள் வெவ்வேறாக இருந்தும், மூன்று வகைச் சுண்டெலிகளுக்கும் நாள்பட்ட குடல் அழற்சி வந்தது. அவற்றுள் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டவை இன்டர்லூகின்-10 என்ற புரதத்தைச் சுரக்க முடியாதவை. அவற்றின் வெள்ளணுக்கள் இயல்பாகவே வளர்ந்தன; எதிர்ப்புப் புரதங்களும் இயல்பாகவே சுரந்தன. ஆனாலும் அவை வளர்ச்சி குன்றி, ரத்தசோகை கண்டு, குடல் புண்ணாகி நலிந்தன. கிருமிகள் கட்டுப்படுத்தப்பட்ட தூய கூண்டுகளில் வளர்த்தபோது நோய் பெருங்குடலின் தொடக்கப் பகுதியோடு நின்றது. பிற்பாடு நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்துப் பார்த்தபோது நோய் வரவே இல்லை.

அந்தச் சுண்டெலிகளுக்கு யாரும் நோய்க்கிருமியைச் செலுத்தவில்லை. தாக்கும் செல் எதையும் கூட்டவும் இல்லை. உடலில் இருந்த ஒரு தணிப்பானை எடுத்ததுதான் நடந்தது. அதுவரை குடல் அழற்சி நோயை ‘உடலே தன்னைத் தாக்கிக்கொள்ளும் நோய்’ என்று சொல்லிவந்த பலருக்கும் இது வேறொரு கேள்வியை எழுப்பியது. தாக்குதல் ஏன் தொடங்குகிறது என்பதைவிட, நாள்தோறும் தொடங்கிக்கொண்டே இருக்கும் சிறு தாக்குதல்கள் வழக்கமாக எப்படி அடங்குகின்றன, நோயாளியிடம் மட்டும் ஏன் அடங்குவதில்லை என்பதுதான் அந்தக் கேள்வி. கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் வெற்றி பெற்ற மருந்துகளையும், அதைவிட முக்கியமாகத் தோற்ற மருந்துகளையும் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியே சரியான வாசல் என்பது என் எண்ணம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் ‘குடல் புண்’ என்றால் பெரும்பாலும் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ வரும் அல்சரைத்தான் சொல்கிறார்கள். இங்கே பேசப்படுவது அதுவன்று. மருத்துவர்கள் ஐ.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் இந்நோய் முதன்மையாக இரண்டு வடிவங்களில் வருகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடல் வழியே மேல்நோக்கி இடைவெளியின்றிப் பரவும். உட்சுவரின் மேல் அடுக்கோடு பெரும்பாலும் நின்றுவிடும். 1932-இல் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் குரோனும் அவருடைய இரு சகாக்களும் விவரித்த குரோன் நோய், வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் விட்டுவிட்டு வரலாம். சுவரின் முழு ஆழத்தையும் ஊடுருவிக் குறுக்கத்தையும் புரைவழிகளையும் (சுவரைத் துளைத்துச் செல்லும் வழிகளையும்) உண்டாக்கலாம். ஐ.பி.எஸ். என்ற, பெயரில் மட்டும் ஒத்திருக்கும் கோளாற்றில் குடல் சுவரில் இத்தகைய புண்கள் இருப்பதில்லை.

இத்தகைய அழற்சிக்குக் குடல் ஏன் இவ்வளவு எளிதாக ஆளாகிறது என்பதற்கு அதன் அமைப்பே விடை. செரிமானப் பாதையின் உட்பரப்பை விரித்தால் ஏறக்குறைய 30 சதுர மீட்டர், அதாவது ஒரு சிறு வீட்டின் தரையளவு வரும். இந்தப் பரப்பு முழுவதையும் மூடியிருப்பது ஒரே ஒரு செல் தடிமனுள்ள எபிதீலியம். அதுவும் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. ஒருபுறம் பல லட்சம் கோடி பாக்டீரியாக்களும் நாம் உண்ட உணவும்; மறுபுறம் உடலின் நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும் பகுதி. பெருங்குடலில் இரண்டு அடுக்காக அமைந்த கோழைப் படலத்தின் உள்ளடுக்கில் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ நுழைவதேயில்லை. ஆயினும் இந்த வேலி முழுமையானது அன்று. சில பாக்டீரியாக்களும் அவற்றின் துண்டுகளும் எப்போதும் கசிந்து உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். தோலுக்கடியில் அதே அளவு பாக்டீரியா நுழைந்தால் அந்த இடம் சிவந்து வீங்கிச் சீழ் பிடிக்கும். குடலில் எதுவும் நடப்பதில்லை, அல்லது நடந்த சுவடே தெரிவதில்லை.

சுவடு தெரியாமல் வேலையை முடிப்பவை எபிதீலியத்துக்கு நேர் அடியில் நிலைகொண்டிருக்கும் மேக்ரோஃபேஜ்கள், அதாவது பெருவிழுங்கு செல்கள். உடலின் வேறு சில உறுப்புகளில் இவை கருவிலேயே குடியேறித் தாமே பெருகிக்கொள்கின்றன. குடலில் இவற்றில் மிகப் பெரும்பாலானவை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தம் வழியே வந்துசேரும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களிலிருந்து இடைவிடாமல் புதுப்பிக்கப்படுகின்றன. அந்த மோனோசைட் ஒன்றைப் பின்தொடர்ந்து போனால் நோயின் அடிப்படை கண்முன் வரும்.

ரத்தத்தில் இருக்கும்போது அது முன்கோபக்காரச் செல். பாக்டீரியாவின் செல்சுவர்ப் பொருளை இனங்காணும் உணரிகள் அதன் மேற்பரப்பில் நிறைய உண்டு. சிறிதளவு பட்டாலே டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 முதலிய அழற்சிப் புரதங்களைக் கொட்டும். குடல் சுவருக்குள் நுழைந்த சில நாட்களில் அது படிப்படியாக மாறுகிறது. உணரிகளில் சில மறைகின்றன. விழுங்கும் திறனும் விழுங்கியதைக் கொல்லும் திறனும் குறையாமல் நிற்க, கூச்சலிடும் பழக்கம் மட்டும் போய்விடுகிறது. நலமான மனிதக் குடலிலிருந்து எடுத்த மேக்ரோஃபேஜ்களுக்கு அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாக்டீரியாப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்து 2005-இல் எழுதியது இதைத்தான்: அவை பாக்டீரியாவைத் தின்று கொன்றன, ஆனால் அழற்சிப் புரதங்களை வெளியிடவில்லை. இறந்த எபிதீலியச் செல்களை அப்புறப்படுத்துவதும் புதிய செல்கள் வளரத் தூண்டுவதும் இவற்றின் அன்றாடப் பணிகள்.

அழற்சி கண்ட குடலில் இந்தப் படிமாற்றம் பாதியில் நின்றுவிடுகிறது. மோனோசைட்டுகள் முன்னைவிட அதிகமாக வந்து குவிகின்றன, ஆனால் முதிர்ந்து அடங்குவதில்லை. முன்கோபம் மாறாத அரைகுறை மேக்ரோஃபேஜ்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-23 ஆகியவற்றை வெளியிட, அவை மேலும் வெள்ளணுக்களை அழைக்க, வந்தவையும் அதே சூழலில் அதே போக்கைக் கற்கின்றன. புதிய ஊழியர்கள் அனைவரும் ஒரே பழுதான பயிற்சிக் கூடத்தின் வழியே வருவதைப் போன்ற நிலை இது.

முதிர்ச்சிக்கு வழிகாட்டும் குறிப்புகளுள் தலையாயது இன்டர்லூகின்-10. கொலோன் சுண்டெலிகளில் அது எங்கிருந்து வராமல் போனது, யாருக்குப் போய்ச் சேராமல் போனது என்பதைத் தனித்தனியாகப் பிரித்தறியப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆயின. மேக்ரோஃபேஜிடமிருந்து இன்டர்லூகின்-10-ஐ மட்டும் பறித்தால் சுண்டெலிக்குப் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் அந்தப் புரதத்தை வாங்கும் ஏற்பியைப் பறித்தபோதோ தானாகவே குடல் அழற்சி வந்தது. அதாவது மேக்ரோஃபேஜ் தானே சுரப்பதைவிட, வெளியிலிருந்து வரும் இன்டர்லூகின்-10-ஐக் கேட்டு நடப்பதே முக்கியம். அந்தச் சொல் யாரிடமிருந்து வருகிறது என்பதற்கான விடை வேறொரு சோதனையில் கிடைத்தது: மற்ற எதிர்ப்புச் செல்களைத் தணிக்கும் வெள்ளணு வகையான ஒழுங்குமுறை டி செல்களிடமிருந்து மட்டும் இன்டர்லூகின்-10 மரபணுவை நீக்கியபோதும் பெருங்குடல் அழற்சி தோன்றியது.

சுண்டெலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமா என்ற ஐயத்தை 2009 தீர்த்தது. பிறந்த முதல் ஆண்டிலேயே கடுமையான குடல் அழற்சியும் ஆசனவாயைச் சுற்றிப் புரைவழிகளும் கண்டு, ஸ்டீராய்டு உட்பட எந்த மருந்துக்கும் அடங்காத குழந்தைகளின் மரபணுக்களை ஜெர்மன் மருத்துவர்கள் தலைமையிலான குழு ஆராய்ந்தது. இன்டர்லூகின்-10-இன் ஏற்பியை உருவாக்கும் மரபணுக்களில் பழுது இருந்தது. ஒரு குழந்தைக்கு மஜ்ஜைக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்தார்கள், நோய் தணிந்தது. இந்த விவரத்தை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தையின் குடல் பழைய குடல்தான். எபிதீலியமும் பழைய மரபணுவையே கொண்டது. மாறியது ரத்த மரபுவழிச் செல்கள் மட்டுமே. குடல் நோய் ஒன்று எலும்பு மஜ்ஜையில் சரிசெய்யப்பட்டது.

அப்படியானால் இன்டர்லூகின்-10-ஐயே ஊசியாகப் போட்டால் என்ன? இந்த எண்ணம் மிக முன்பே தோன்றி, 2000-ஆம் ஆண்டையொட்டிக் குரோன் நோயாளிகளிடம் பல மையங்களில் சோதிக்கவும் பட்டது. எதிர்பார்த்த பலன் இல்லை. பெரும்பாலான நோயாளிகளின் மேக்ரோஃபேஜ்களில் அந்த ஏற்பி பழுதின்றியே இருந்தது, ஆகவே அவர்களின் கோளாறு வேறிடத்தில் இருந்திருக்கலாம் என்பது ஒன்று. ரத்தத்தில் செலுத்தும் மருந்து குடல் சுவரில் வேண்டிய இடத்தில் வேண்டிய செறிவில் சேர்வதில்லை என்பது மற்றொன்று. அளவைக் கூட்டியபோது அது இன்டர்ஃபெரான்-காமா என்ற அழற்சிப் புரதத்தையும் தூண்டியதாகத் தெரிந்தது. ஒரு செல் தன் அருகிலிருக்கும் செல்லின் காதில் சொல்வதை ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தால் அதே பயன் கிடைக்காது.

ஒழுங்குமுறை டி செல்களின் கதை இதற்கு இணையாக வளர்ந்தது. அதே 1993-இல் கலிஃபோர்னியாவில் ஃபியோனா பவ்ரி செய்த சோதனை எளிமையானது. நலமான சுண்டெலியின் டி செல்களை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒரு வகையை, தனக்கென டி செல்களே இல்லாத சுண்டெலிக்குச் செலுத்தினார். அது இளைத்துக் குடல் அழற்சி கண்டது. இரண்டு வகைகளையும் சேர்த்துச் செலுத்தியபோது நோய் வரவில்லை. நோயை உண்டாக்கும் செல்களும் அவற்றைத் தடுக்கும் செல்களும் நலமான விலங்கின் உடலில் எப்போதும் அருகருகே இருந்திருக்கின்றன. தடுக்கும் செல்களை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் ஓர் அடையாளப் புரதத்தைக் கொண்டு இனங்கண்டார். அமெரிக்காவின் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் 2001-இல் ஃபாக்ஸ்-பி-3 மரபணுவைக் கண்டறிந்தனர். அந்தச் செல்களின் அடையாளமே அதில்தான் அடங்கியிருக்கிறது என்பது பின்னர் தெளிவானது. 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இம்மூவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. இந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே தெரியும் அறிகுறிகளுள் ஒன்று அடங்காத வயிற்றுப்போக்கு.

இச்செல்களில் ஒரு பகுதி தைமஸ் சுரப்பியிலிருந்தே அப்படி வருகிறது; மற்றொரு பகுதி குடலில் உருவாகிறது. குடல் சுவரிலுள்ள டென்ட்ரிடிக் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் உணவிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ-யை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றி, இன்னும் எந்தப் பணியும் ஏற்காத டி செல்லுக்கு ஊட்டி, அதை ஒழுங்குமுறைச் செல்லாக்குகின்றன. அதே ஊட்டம் அந்தச் செல்லுக்குக் குடலுக்கே திரும்பி வரும் முகவரியையும் எழுதித் தருகிறது. பாக்டீரியாக்களுக்கும் இதில் பங்குண்டு. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் நொதிக்கச் செய்து சில வகைப் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. அது பெருங்குடலில் ஒழுங்குமுறை டி செல்களைப் பெருக்குகிறது என்பதை 2013-இல் பல குழுக்கள் தனித்தனியே சுண்டெலிகளில் காட்டின. குரோன் நோயாளிகளின் குடலில் பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்கள் குறைந்திருப்பதும் தெரிந்ததே.

சோற்றை ஆறவைத்தால் அதில் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடும் என்பதால், பழைய சோற்றைப் பற்றிய பேச்சு இங்கே வராமல் இராது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அதைக் குடல் நோயாளிகளிடம் ஆராயவும் முற்பட்டார்கள். ஆராயத்தக்க கருத்துதான். ஆனால் சுண்டெலியின் பியூட்டிரேட்டுக்கும் புண்ணான குடலோடு வாழும் மனிதருக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. கடும் அழற்சியின்போதும் குடல் குறுகியிருக்கும்போதும் நார்ச்சத்து தொல்லையே தரக்கூடும் என்பதால், வாட்ஸ்ஆப்பில் வரும் உணவுப் பட்டியலை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து.

மனித நோயில் மேலும் ஒரு புதிர் இருக்கிறது. தணிக்கும் செல்கள் குறைந்துபோனதால் நோய் வருகிறது என்று எதிர்பார்த்தோம். நோயாளிகளின் புண்ணான குடலிலிருந்து திசு எடுத்துப் பார்த்தால் ஒழுங்குமுறை டி செல்கள் அங்கே குறைவாக இல்லை, கூடுதலாகவே குவிந்திருக்கின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் அவை தணிக்கவும் செய்கின்றன. கோளாறு கேட்கும் பக்கத்தில் இருக்கிறது. அழற்சி கண்ட திசுவின் டி செல்களில் ஸ்மாட்-7 என்ற புரதம் மிகுந்து, தணிக்கும் குறிப்புகளுள் முதன்மையான டி.ஜி.எஃப்.-பீட்டாவைச் செல்லுக்குள் செல்லவிடாமல் தடுப்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினர். அந்தத் தடையை நீக்கவென்று செய்த மாங்கர்சென் மருந்து முதற்கட்டச் சோதனைகளில் வியப்பூட்டி, மூன்றாம் கட்டத்தில் பலனில்லை என்று 2017-இல் கைவிடப்பட்டது.

தோல்விகளில் அதிகம் கற்பித்தது இன்டர்லூகின்-17-இன் கதை. குரோன் நோயாளியின் குடலில் இந்தப் புரதமும் அதைச் சுரக்கும் டி செல்களும் மிகுந்திருக்கும். அதை முடக்கும் செக்குகினுமாப் சோரியாசிஸ் தோல் நோயில் அருமையாக வேலை செய்தது. குரோன் நோயில் 59 பேரிடம் சோதித்து 2012-இல் வெளியான முடிவோ எதிர்மாறாக இருந்தது: பலன் இல்லாததோடு, மருந்து பெற்றவர்களில் சிலருக்கு நோய் மோசமானது, பூஞ்சைத் தொற்றுகளும் வந்தன. குடலில் இன்டர்லூகின்-17 எபிதீலியச் செல்களின் இணைப்புகளை இறுக்கி வேலியைக் காக்கும் வேலையையும் செய்கிறது என்பது பிறகு விளங்கியது. தீக்கு அருகில் எப்போதும் காணப்படுபவர் தீ வைத்தவராகவும் இருக்கலாம், அணைக்க வந்தவராகவும் இருக்கலாம். இன்டர்லூகின்-17-க்கு ஒரு படி மேலே இருந்து இந்த டி செல்களுக்கு வெறியூட்டும் இன்டர்லூகின்-23-ஐத் தடுத்தபோது நல்ல பலன் கிடைத்தது. குடலைக் காக்கும் இன்டர்லூகின்-17-இல் ஒரு பகுதி இன்டர்லூகின்-23-இன் தயவின்றியே சுரப்பதால் வேலி பிழைக்கிறது. உஸ்டெகினுமாப் 2016-இலும் ரிசங்கிசுமாப் 2022-இலும் குரோன் நோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

பாக்டீரியாவைக் கொல்லும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களைப் பற்றியும் ஒரு சொல். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் எடுத்த பயாப்ஸியை நுண்ணோக்கியில் வைத்தால், பெருங்குடல் சுவரின் சிறு சுரப்பிக் குழிகளுக்குள் இவை திரளாக நுழைந்து சீழ்க்கட்டியாக நிற்பதைக் காணலாம். அவை கசியவிடும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் மலத்தில் சிதையாமல் வெளிவருவதால், கொலனோஸ்கோப்பி செய்யாமலே அழற்சியின் அளவை மதிப்பிட அந்தப் பரிசோதனை உதவுகிறது. இவற்றைக் குற்றவாளி என்று முடிவுகட்டுமுன், நியூட்ரோஃபில்கள் பாக்டீரியாவைக் கொல்ல முடியாதபடி பிறக்கும் மரபுநோயாளிகளுள் கணிசமானோருக்குக் குரோன் போன்ற குடல் அழற்சியே வருகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

1998-இல் குரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்று இத்துறையையே மாற்றிய இன்ஃப்ளிக்சிமாப், டி.என்.எஃப்.-ஐப் பிடித்து முடக்குகிறது. மூட்டு நோய்களுக்கு நன்கு பயன்படும் எடானர்செப்டும் டி.என்.எஃப்.-ஐப் பிடிக்கும் மருந்துதான். குரோன் நோயில் அது பலிக்கவில்லை. முதல் மருந்து செல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் டி.என்.எஃப்.-ஐயும் வலுவாகப் பற்றி, அழற்சி செய்யும் டி செல்களை மடியச் செய்கிறது. புண்ணை ஆற்றும் வகை மேக்ரோஃபேஜ்கள் தோன்றவும் துணைபுரிகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இது முழுவதுமாக விளக்கிவிடாது. ஆயினும் ஒரு புரதத்தைத் துடைத்தெடுப்பதைவிட, செல்களின் தொகுப்பை மாற்றியமைப்பதே குடலில் பலன் தருகிறது என்ற திசையை அது காட்டுகிறது.

டி.என்.எஃப்.-ஐத் தடுப்பதற்கு இந்தியாவில் ஒரு விலை உண்டு. காசநோய்க் கிருமியைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் எழுப்பும் கிரானுலோமா என்ற சிறைச்சுவர் குலையாமல் நிற்க டி.என்.எஃப். தேவை. பல ஆண்டுகளாக உடலில் உறங்கும் கிருமி, மருந்து தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ விழித்துக்கொள்ளலாம். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனைகளும் கட்டாயமாகின்றன. சிக்கல் அதோடு முடிவதில்லை. குடலிலேயே வரும் காசநோயும் குரோன் நோயும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தை விரும்புகின்றன; இரண்டிலும் கிரானுலோமா உண்டு; எண்டோஸ்கோப்பிப் படத்திலும் ஒன்று மற்றொன்றைப் போலவே இருக்கும். குரோன் நோய்க்கான மருந்து காசநோயை மூளச் செய்யலாம் என்பதால், நம் மருத்துவர்கள் பலமுறை காசநோய் மருந்தை முதலில் சில மாதங்கள் கொடுத்து, புண் ஆறுகிறதா என்று பார்த்தபின்பே முடிவெடுக்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் கவனம் மீண்டும் மேக்ரோஃபேஜின் பக்கமே திரும்பியிருக்கிறது. லண்டனின் பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2024 ஜூனில் வெளியிட்ட ஆய்வு, 21-ஆம் குரோமோசோமில் மரபணுவே இல்லாத ஒரு வெற்றிடம் எனக் கருதப்பட்ட பகுதியிலிருந்து தொடங்கியது. குடல் அழற்சி நோயோடு அந்தப் பகுதிக்குத் தொடர்பு உண்டு என்பது முன்பே தெரியும். எப்படி என்பதுதான் தெரியாமல் இருந்தது. சற்றுத் தொலைவிலுள்ள ஈ.டி.எஸ்-2 என்ற மரபணுவை மேக்ரோஃபேஜில் முடுக்கிவிடும் விசை அங்கே இருப்பதை அவர்கள் கண்டனர். அந்த மரபணுவின் அளவைக் கூட்டியபோது அமைதியான மேக்ரோஃபேஜ்கள் நோயாளியின் குடலில் காணப்படுபவற்றைப் போலவே மாறின. புற்றுநோய்க்காக ஏற்கெனவே உள்ள மெக் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள், ஆய்வுக்கூடத்தில், நோயாளிகளின் குடல் திசுவில் அந்தப் போக்கைத் தணித்தன. அம்மருந்துகள் உடலின் பிற உறுப்புகளையும் பாதிக்கும் என்பதால், மேக்ரோஃபேஜுக்கு மட்டும் அவற்றைக் கொண்டுசேர்க்கும் வழியைத் தேடுகிறார்கள். இன்டர்லூகின்-10 ஊசி தோற்ற அதே இடம் இது.

சிகிச்சை பலித்து ஓராண்டு ஆனதும் வெளிநோயாளர் பிரிவில் ஏறத்தாழ எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன், ஊசியை நிறுத்திவிடலாமா டாக்டர்?” பிரான்ஸ், பெல்ஜிய மருத்துவர்கள் இதையே ஆராய்ந்து 2012-இல் எழுதினார்கள். குரோன் நோய் நன்கு அடங்கியிருந்த 115 பேரிடம், பிற மருந்தைத் தொடரச் சொல்லி இன்ஃப்ளிக்சிமாபை மட்டும் நிறுத்தினர். ஓராண்டுக்குள் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நோய் திரும்பியது. புண் ஆறிய சுவரிலும் பழைய தாக்குதலை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் குடியிருக்கின்றன. மஜ்ஜையிலிருந்து புதிய மோனோசைட்டுகள் நாள்தோறும் வந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றும் அடங்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஆய்வில் நோய் திரும்பியவர்களுக்கு ஊசியை மறுபடி தொடங்கியபோது, மிகப் பெரும்பாலோருக்கு அது மீண்டும் பலித்தது.